சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மாத்திரையும் போட்டுவிட்டு வாருங்கள்

(2021-இல், கொரோனா தடுப்பூசி முகாம் நடந்த நாட்களில் எழுதியது; இதிலுள்ள விதிகளும் அப்போதையவை.)

நேற்று பாம்பன் பக்கமிருந்து வந்த ஒரு ஆத்தா எங்கள் கொரோனா தடுப்பூசி வரிசையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை பார்த்தால் 58. "காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலம்மா, ஊசி போடணும்ல" என்றார், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கியிருக்கிறார். சீனித் தண்ணீர் கொடுத்து, இட்லி வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டு அனுப்பினோம். அதற்குள் "ஊசிக்கு ஆள் விழுது" என்று ஏழு பேர் வரிசையை விட்டுப் போய்விட்டார்கள். ஊசியே அப்போது போடவில்லை!

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வது சர்க்கரைப் பரிசோதனை, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் போன்றவற்றுக்குத்தான். கொரோனா ஊசி தோளுக்குக் கீழே தசையில் போடும் அரை மில்லி மருந்து, நீங்கள் தின்ற சோற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பட்டினியோடு வெயிலில் நின்றால் ஊசி போடாத ஆளும் மயங்குவார். இன்னும் சிலர் நன்றாகச் சாப்பிட்டு வருகிறார்கள், பிரஷர் மாத்திரையை மட்டும் இரண்டு நாளாக நிறுத்திவிடுகிறார்கள், யார் சொன்னார்களோ தெரியவில்லை. பிரஷர் எகிறி நிற்கும், நாங்கள் உட்கார வைத்து மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஊசி போட்ட இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்போம்.

அப்புறம் பதிவு. தடுப்பூசிக்குப் பதியும் அரசு இணையதளமான கோவினில், 2021 விதிப்படி ஒரே நம்பரில் நான்கு பேர் வரை பதியலாம், பதியத் தெரியாவிட்டால் ஆதாரோடு நேரில் வாருங்கள், டோக்கன் இருக்கும்வரை இங்கேயே பதிந்து போடுகிறோம். ஆனால் எந்த நம்பரைக் கொடுக்கிறீர்களோ அந்த போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். விசைப்படகில் போன மகனின் நம்பரைக் கொடுத்தால் ஓடிபி நடுக்கடலுக்கா போகும்? அவர் மறுநாள் கரைக்கு வரும்வரை நானும் காத்திருக்க முடியாது. கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் நம்பரைக் கொடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். வெளிநாட்டுக்குத் திரும்பப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.

இங்கே போடும் ஊசி கோவிஷீல்டு என்றால் 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள் கழித்து இரண்டாவது ஊசி, இது 2021 விதி. முதலில் போட்டது எதுவோ அதையேதான் போட வேண்டும், பெயரையும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதியில் கடலில் இருந்தால் கரைக்கு வந்ததும் வாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

கை ஏற்றிவிடத் தோதான சட்டை, ரவிக்கை போட்டு வாருங்கள். போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள், ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இப்போதுதான் தொழில் தொடங்கியிருக்கிறது, ஒரு நாள் விட்டால் எவ்வளவு நட்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன் அண்ணே, ஊசி போட்ட அன்றைக்கே படகு ஏறாதீர்கள். பலருக்கு ராத்திரி காய்ச்சலும் உடம்புவலியும் வரும். கரையில் இருந்தால் ஒரு பாராசிட்டமாலும் கஞ்சியும் போதும்.