மரபணுவை அடக்கி வைக்கும் சின்னத் துண்டு

டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே மரபணு இயங்குவதையும் அடங்குவதையும் பற்றிய துறை ‘எபிஜெனிடிக்ஸ்’. அந்தப் பெயரைச் சொல்லி இப்போது என்னென்னவோ விற்கிறார்கள். இந்தப் பொடியைச் சாப்பிட்டால் கெட்ட மரபணு அணைந்துவிடுமாம். பழ ஈக்களோடு நாள் முழுக்க வேலை செய்கிறவள் என்பதால், ஒரு மரபணு நிஜத்தில் எப்படி அடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆண் ஈயின் முன்னங்கால்களில் மட்டும் கறுத்துத் தடித்த முட்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். பாலிகோம் என்ற மரபணுவின் ஒரு பிரதி பழுதானால், அந்தச் சீப்பு நடுக்காலிலும் பின்னங்காலிலும்கூட முளைக்கும். அங்கே அடங்கிக் கிடக்க வேண்டிய மரபணு அடங்கவில்லை.

எந்த மரபணுவை அடக்குவது என்று பாலிகோம் புரதங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கென்றே டிஎன்ஏவில் சில நூறு எழுத்து நீளத்துக்குத் துண்டுகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் பிஆர்இ என்போம். அதைச் சில புரதங்கள் பற்றிக்கொண்டு மற்றவற்றை வரவழைக்கும். டிஎன்ஏ சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் எச்3 என்ற புரதத்தில், 27ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல், வந்தவை மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியிடும். ‘அடங்கியிரு’ என்பதற்கான குறி அது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்குச் சிவப்பு தரும் ஒயிட் மரபணுவின் பக்கத்தில் ஒரு பிஆர்இயை வைத்து ஈக்குள் செலுத்துவோம். இரண்டு பிரதி இருந்தால் சிவப்பு கூட வேண்டும், இல்லையா? பல வகைகளில் ஒற்றைப் பிரதி ஈயைவிட வெளிறிப் போகிறது! புதிதாகப் பார்க்கும் மாணவர்கள் குழாயில் லேபிள் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் கேட்பார்கள். ஈக்களில் ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டியே கிடப்பதால், இரண்டு பிஆர்இயும் சேர்ந்து இன்னும் பலமாக அடக்குகின்றன.

2017இல் இரண்டு குழுக்கள் வளரும் ஈயின் செல்களிலிருந்து பிஆர்இயை வெட்டி எடுத்துப் பார்த்தன. ஏற்கெனவே இட்ட குறி நிலைக்கவில்லை. செல் பிரியப் பிரிய நீர்த்துப்போய், அடங்கியிருந்த மரபணு விழித்துக்கொண்டது. குறி மட்டும் போதாது, டிஎன்ஏவில் அந்தத் துண்டும் இருந்தாக வேண்டும்.

ஈயில் அந்தக் குறியை இடும் நொதிக்கு நம் உடம்பில் இஇசட்எச்2 என்று ஓர் உறவு உண்டு. அதைத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட் மருந்துக்கு 2020இல் அமெரிக்கா ஒரு அரிய சார்கோமா புற்றுநோய்க்காக அனுமதி தந்தது. அந்த மருந்தாலும் ஒரே ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுக்க முடியாது. நொதியை எல்லா இடத்திலும் தடுக்கிறது. வேறு புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையும் அதோடு வந்தது.

பொடி விற்பவர் வந்தால் கேளுங்கள்: எந்த மரபணு, எந்தத் திசுவில், அணைந்ததை எப்படி அளந்தீர்கள்?