‘ஸ்லிங்’ என்றால் கவண் இல்லை

நண்பர் ஒருவர் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவையின் செய்முறையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஜின், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, மாதுளைப் பாகு என்று உள்ளே போகிற எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது, பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்லிங் என்ற சொல்லை அகராதியில் தேடினால் முதலில் வருவது கவண், அதற்கு அப்புறம் கை முறிந்தால் கழுத்திலிருந்து தொங்கவிடும் தூக்குக்கட்டு. அகராதியை மட்டும் நம்பினால் ‘சிங்கப்பூர் கவண்’ என்று எழுதிவைக்க வேண்டியதுதான். அது தவறு. பானத்துக்கு உள்ள ஸ்லிங் வேறு ஒரு சொல்லாகவே வாழ்ந்து வந்திருக்கிறது.

பானம் என்ற பொருளில் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழங்கியது. ஏதாவது ஒரு வடித்த மது, கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர், அவ்வளவுதான் ஸ்லிங். ரம் ஊற்றினால் ரம் ஸ்லிங், ஜின் ஊற்றினால் ஜின் ஸ்லிங். காட்டமான மதுவை நீரால் தளர்த்தி, இனிப்பால் பதப்படுத்திக் குடிப்பது என்பதுதான் அதன் அடிப்படை. சொல்லின் வேரைப் பற்றி அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஜெர்மன் மொழியில் ‘ஷ்லிங்கென்’ என்றால் விழுங்குவது, அதிலிருந்து வந்தது என்று ஒரு தரப்பு. கவணில் கல்லை எறிவதுபோல் மடக்கென்று தொண்டைக்குள் எறிவதால் வந்தது என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது அவ்வளவாக ஒட்டவில்லை. நீர் கலந்து தளர்த்திய பானத்தை ஏன் எறிய வேண்டும்?

இந்தச் சொல்லை நான் இத்தனை அக்கறையாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. காக்டெயில் என்ற பெயரை இன்று உலகமே சொல்கிறது, ஆனால் அந்தச் சொல்லுக்கு முதன்முதலாக அச்சில் விளக்கம் எழுதப்பட்டபோது அதை விளக்க ஸ்லிங்தான் தேவைப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஓர் இதழில் காக்டெயில் என்ற சொல் வந்தது, அது என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டார், 1806 மே 13 அன்று ஆசிரியர் பதில் எழுதினார். ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச்சாறு ஆகியவை சேர்ந்தது காக்டெயில், அதைக் ‘கசப்பேற்றிய ஸ்லிங்’ என்றும் மக்கள் பேச்சில் சொல்வார்கள் என்பது அதன் சாரம். ஆக ஸ்லிங்தான் மூத்தது, காக்டெயில் அதன்மேல் இரண்டு சொட்டுக் கசப்பு விட்டுப் பிறந்தது. இன்று குடும்பப் பெயரே காக்டெயில் என்றாகி, ஸ்லிங் அதற்குள் ஒரு சிறு வகையாக ஒடுங்கிவிட்டது.

1862இல் அமெரிக்க மதுக்கலைஞர் ஜெர்ரி தாமஸ் தொகுத்த செய்முறை நூலில் ஜின் ஸ்லிங்குக்கு ஒரு குறிப்பு இருக்கிறது: ஜின் டாடிக்குப் போடுகிற அதே பொருள்கள்தான், மேலே கொஞ்சம் ஜாதிக்காய் துருவினால் ஸ்லிங். அங்கே நிற்கும் ‘டாடி’ நமக்குத் தெரிந்த சொல். பனையைக் குறிக்கும் ‘தாட்’ என்ற இந்திச் சொல்லிலிருந்து ‘தாடி’ வந்தது, பனங்கள் என்று பொருள். அதை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு போய், கடைசியில் சர்க்கரையும் நீரும் சேர்த்த மதுவுக்கெல்லாம் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

ஜின் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘யூனிபெருஸ்’, பழைய பிரெஞ்சில் ‘ஜெனெவ்ர்’, டச்சில் ‘யெனேவர்’, ஆங்கிலத்தில் ‘ஜெனிவா’ என்று ஆகி, கடைசியில் தேய்ந்து ஜின் ஆனது. சுவிட்சர்லாந்து நகரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. எல்லாம் ஜூனிப்பர் என்ற செடியின் பெயர்தான். அதன் நீலக்கருப்புக் காயைப் பழம் என்று சொல்கிறோம், உண்மையில் அது சதைப்பற்றுள்ள ஒரு கூம்பு, தேவதாரு, பைன் மரங்களின் கூம்புக்கு உறவு. ஜின் புட்டியைத் திறந்ததும் வருகிற அந்தப் பிசின் வாசனை அதனுடையது. ஜூனிப்பரைத் தமிழில் சூரைச்செடி என்று சிலர் எழுதுகிறார்கள். விவிலியத்தில் எலியா உட்கார்ந்த செடி பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ஜூனிப்பராகவும் தமிழில் சூரையாகவும் இருப்பதால் வந்த குழப்பம் இது என்று நினைக்கிறேன். சூரை என்பது முள்ளுள்ள இலந்தை இனம், ஜின்னுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஜின்னை ஜின் என்றே எழுதுவோம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பாரில், சீனாவின் ஹைனான் தீவு வழியினரான ஙியாம் டோங் பூன் என்ற மதுக்கலைஞர் 1915இல் இந்தப் பானத்தை உருவாக்கினார் என்று அந்த ஹோட்டல் சொல்கிறது. (நாம் அரிச்சுவடியில் மட்டும் பார்க்கும் ‘ஙி’ என்ற எழுத்து ஒரு மனிதரின் பெயரை எழுத உதவுகிறது, எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.) பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதைச் சமூகம் ஏற்காத காலம் அது. பார்வைக்குப் பழச்சாறு போலவே இருக்கும்படி இளஞ்சிவப்பில் ஒன்றை அவர் செய்து கொடுத்தார் என்பது கதை. ஆனால் 1903லேயே சிங்கப்பூர் நாளிதழ் ஒன்றில் இளஞ்சிவப்பு ஸ்லிங் பற்றிய பேச்சு வந்துவிட்டது. ஙியாம் கொண்டுவந்தது பெயர் பெற்ற ஒரு செய்முறை, வகையும் நிறமும் அவருக்கு முன்பே இருந்தன என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1922இல் அச்சான ‘ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்’ (ஸ்ட்ரெய்ட்ஸ் என்பது சிங்கப்பூர் உள்ளிட்ட அன்றைய ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி) செய்முறையில் ஜின், பெனடிக்டின் என்ற மூலிகை இனிப்பு மது, செர்ரி பிராந்தி, எலுமிச்சைச் சாறு, பிட்டர்ஸ், சோடா எல்லாம் இருக்கின்றன, அன்னாசி மட்டும் இல்லை. அங்கே சோடா நீர் செய்த வேலையை இன்று அன்னாசிச் சாறு செய்கிறது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு, சர்வதேச மதுக்கலைஞர் சங்கத்தின் அளவு இது: ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் (செர்ரிச் சுவையுள்ள இனிப்பு மது) 15, குவான்ட்ரோ (ஆரஞ்சுச் சுவையுள்ளது) 7.5, பெனடிக்டின் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் 10, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் புட்டியை ஒருமுறை உதறினால் போதும். எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றி, ஐஸ் நிறையப் போட்டு, ஷேக்கரின் வெளிப்புறம் வேர்த்து விரல் விறைக்கும்வரை குலுக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது மேலே பொடிக் குமிழிகளாக வெளிறிய ரோஜா நிற நுரை ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும், அன்னாசிச் சாறு நன்றாக நுரைக்கும் குணமுள்ளது. புதிய ஐஸ் போட்ட உயரமான கிளாஸில் வடிகட்டினால் நுரை மெதுவாக மேலே ஏறி உட்காரும், கீழே சாறு பவளநிறமாகத் தெரியும். முதன்முறை செய்தபோது நிறம் போதவில்லை என்று கிரெனடினை இரண்டு மடங்காக ஊற்றிவிட்டேன், இருமல் மருந்து மாதிரி ஆகி அப்படியே கீழே ஊற்ற வேண்டியதாயிற்று. கிரெனடின் என்பது மாதுளைப் பாகு, பிரெஞ்சில் ‘கிரெனாட்’ என்றால் மாதுளை. மாதுளைச் சாறும் சர்க்கரையும் சம அளவு எடுத்து இளஞ்சூட்டில் கரைத்தால் வீட்டிலேயே கிடைக்கும், கடைப் புட்டியைவிட அதில் புளிப்பு அதிகம், இந்தப் பானத்துக்கு அந்தப் புளிப்புத்தான் வேண்டும். எலுமிச்சையைக் கடைசி நிமிடத்தில் பிழியுங்கள்.

இனி தமிழ்ச் சொல். காக்டெயிலுக்கு மதுக்கலவை, கலவைமது என்று எழுதுகிறார்கள், பொருள் சரியாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிலர் தேறல் என்கிறார்கள். அழகான சொல், ஆனால் தேறு என்றால் தெளி. தெளிந்த மதுதான் தேறல். அன்னாசி நுரையோடு கலங்கி நிற்பதைத் தேறல் என்று சொல்ல மனம் வரவில்லை, வேண்டுமானால் உள்ளே போகிற ஜின்னைச் சொல்லலாம்.

நான் தேடிப் போய் நின்ற இடம் புறநானூற்றின் 24ஆம் பாட்டு. மாங்குடி கிழார் பாடியது. கடற்கரையில் பரதவர் காட்டமான மட்டு, அதாவது கள், குடித்து ஆடுகிறார்கள், அங்கேயே முண்டகப்பூ மாலை சூடிய பெண்கள் குடிப்பது வேறு. பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, மணல்மேட்டுத் தென்னையின் இளநீர், மூன்றையும் ‘உடன் விராஅய்’, அதாவது ஒன்றாகக் கலந்து, ‘முந்நீர் உண்டு முந்நீர்ப் பாயும்’. மூன்று நீரைக் குடித்துவிட்டு முந்நீராகிய கடலில் பாய்கிறார்கள். இந்தக் கலவையில் மது இல்லை. ஆனால் பல சாறுகளை அளவோடு சேர்த்து அதற்கென்று ஒரு பெயரும் வைத்துக் குடித்திருக்கிறார்கள். அந்தச் செயலுக்குப் புலவர் போட்ட வினை விரவுதல். இலக்கணத்தில் உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்று படித்திருப்போம், அதே விரவு.

அதனால் ஸ்லிங் என்ற வகைக்கு ‘விரவல்’ என்று எழுதலாம் என்பது என் முடிவு. மதுவை நீரிலோ சாற்றிலோ இனிப்பிலோ விரவி நெகிழ்த்துவது என்ற பழைய பொருள் அப்படியே வருகிறது, ஜின் விரவல், ரம் விரவல் என்று முன்னால் பெயர் சேர்க்கவும் வசதி. மது சேர்க்காமல் வெறும் சாறுகளால் செய்தாலும் சொல் பொய்யாகாது. சிங்கப்பூர் ஸ்லிங்கை மட்டும் மாற்ற வேண்டாம். அது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்து நின்றுவிட்ட சிறப்புப் பெயர், மாற்றினால் கடையில் கேட்கிறவருக்கும் ஊற்றிக் கொடுக்கிறவருக்கும் புரியாது. நண்பருக்கு எழுதிக் கொடுத்த தாளில் தலைப்பு ‘சிங்கப்பூர் ஸ்லிங்’, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘அன்னாசி சேர்த்த ஜின் விரவல்’.