துரோகம் தெரிந்த முதல் வாரம்

கல்யாணம், காதல், கள்ளத்தொடர்பு மூன்றையும் வைத்து எழுதப்படும் சிறுகதைகளுக்குத் தமிழில் குறைவே இல்லை. பெரும்பாலான கதைகள் விஷயம் வெளிப்படும் இரவோடு முடிந்துவிடும். குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல்களிடம் ஆட்கள் வந்து சேர்வது அதற்குப் பிறகுதான். வரும்போது மனதில் கதையிலும் சீரியலிலும் கேட்ட சட்டம் இருக்கிறது. அதை நம்பி அந்த முதல் வாரத்தில் செய்துவிட்டு வரும் காரியங்களே பல வழக்குகளைக் கெடுக்கின்றன. ஏமாற்றியவர் வெளியே நிற்க, ஏமாந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறும் நிலைமை உண்டாகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், "புகார் கொடுத்தால் ரெண்டு பேரையும் உள்ளே போட்டுவிடுவார்கள்" என்ற நம்பிக்கை. இபிகோ 497 என்ற பிரிவு இருந்தபோதே அது உண்மையில்லை. இன்னொருவர் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு மட்டுமே அதில் 5 ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்க வேண்டியவர் அந்தப் பெண்ணின் கணவர். தன் கணவனால் ஏமாற்றப்பட்ட மனைவிக்கு அதில் இடமே கிடையாது. மனைவியைக் கணவனின் உடைமையாக நினைத்த அந்தப் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இபிகோவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. சம்மதத்தோடு உறவு வைத்திருந்ததற்காக மட்டும் இன்று யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அதோடு அடி, வரதட்சணைக் கொடுமை, சாவுக்குத் தள்ளும் அளவு மனவதை சேர்ந்தால் கதை வேறு. அப்போது அந்தப் புதுச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு வரும். கள்ளத்தொடர்பு ஒன்றே அந்தக் கொடுமை ஆகிவிடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் முழுக் காரணம்தான். இந்து திருமணச் சட்டம் 13(1)(i) அதற்கானது. 1976 திருத்தத்துக்கு முன் தொடர்ந்து அப்படி வாழ்வதாக நிரூபிக்க வேண்டியிருந்தது; இப்போது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001-இல் திருத்திய பிறகு கணவன், மனைவி இருவருக்கும் ஒரே அளவுகோல். அறைக்குள் நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை. சந்தர்ப்ப சாட்சியம் போதும். அந்தச் சாட்சியம் முழுதாக இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

ஏற்காடு லாட்ஜ் ரசீதை எடுத்துக்கொள்வோம். சேலம் வழக்குகளில் இது அடிக்கடி வரும். "ரசீதே கையில இருக்குதுங்க, இது போதாதுங்களா?" என்று கேட்பார்கள். போதாது. ரசீதில் ஒருவர் பெயர்தான் இருக்கும்; அறையில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதை அது சொல்லாது. வேண்டியது தங்கியவர்கள் பதிவேடு, அதோடு வாங்கி வைத்த அடையாள அட்டை நகல்கள். அவற்றை லாட்ஜ் மேலாளர் நீதிமன்றச் சம்மனில் வந்து கூண்டில் ஏறி, "இது எங்கள் பதிவேடுதான்" என்று சொல்ல வேண்டும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும் என்பதால், பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அந்த வாரத்திலேயே போக வேண்டும். செல்போன் டவர் விவரம் இன்னும் பலவீனமானது. போன் ஏற்காட்டில் இருந்தது என்று காட்டும், எந்த அறையில் யாரோடு என்று காட்டாது. அழைப்பு விவரங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மனு போட்டு நீதிமன்றம் வழியாக வரவழைக்கலாம். துப்பறியும் ஆளிடம் காசு கொடுத்து வாங்குவது சட்டவிரோதம், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது நபரின் பெயரைச் சொல்லி மனு போட்டால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவரும் வக்கீல் வைத்து வாதாடுவார். சந்தேகத்தை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் குறை சொல்லி எழுதி, கடைசியில் நிரூபிக்க முடியாமல் போனால், அந்தப் பொய்க் குற்றச்சாட்டே மனக்கொடுமையாகி எதிர்த்தரப்பு விவாகரத்து கேட்கக் காரணமாகிவிடும். உச்ச நீதிமன்றம் பலமுறை இப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. கோபத்தில் எழுதும் ஒரு வரி அத்தனை விலை கேட்கும்.

அடுத்தது போன். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். அந்தரங்கப் படம் கண்ணில் பட்டதும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, மாமனாருக்கு அனுப்புவது, எதிராளி வேலை பார்க்கும் இடத்துக்கு அனுப்புவது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ-யின் கீழ் அந்தரங்கத்தைப் பரப்பியதற்கு 3 ஆண்டு வரை சிறை. பாலியல் காட்சி என்றால் 67ஏ-யின் கீழ் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை, அபராதம் 10 லட்சம் வரை. நீங்கள் அழுதுகொண்டே அனுப்பினாலும் பிரிவு மாறாது. படம் வக்கீலுக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும் போக வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் விசாரணை நடத்துவார்கள்.

சாட்சியமாக வைக்க ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் அவுட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். ஏ பகுதியில் தாக்கல் செய்பவர், பி பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) குறிப்பிட வேண்டும். மூலப் போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். தேதி, எண் தெரியும்படி உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நடுவில் சில வரியை மட்டும் வெட்டி எடுத்தால் குறுக்கு விசாரணையில் அதுவே ஓட்டை. கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்குள் நடக்கும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்க உளவுச் செயலி ஏற்றுவதற்கு அது அனுமதி இல்லை.

எல்லோரும் பிரியத்தான் வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளுக்காகவும், இன்னும் மிச்சமிருக்கும் அன்புக்காகவும் சேர்ந்து வாழ முடிவெடுப்பவர்கள் நிறைய. அது கோழைத்தனம் இல்லை. ஆனால் சட்டத்தின் பார்வை தெரிந்திருக்க வேண்டும். விஷயம் தெரிந்த பிறகும் தாம்பத்திய வாழ்க்கையைத் தொடர்ந்தால் அதை மன்னிப்பு என்று இந்து திருமணச் சட்டம் 23(1)(b) எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பழைய சம்பவத்தை வைத்து மட்டும் விவாகரத்து கேட்க முடியாது. மீண்டும் நடந்தால் பழையதும் உயிர் பெறும். "பார்ப்போம்" என்று நடுவில் நிற்காமல், முடிவு எடுக்கும்வரை தனியறையோ தாய்வீடோ என்று இருப்பது நல்லது.

சேர்ந்து வாழ்வதானாலும் பிரிவதானாலும் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கதை எழுதுகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை, பத்தில் ஒரு கதையிலாவது எழுதினால் புண்ணியம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். முதல் முடிவு நெகட்டிவ் என்றாலும் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தூக்கமில்லாமல் சாவு எண்ணம் ஓடினால் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முன் ஸ்டாம்ப் பேப்பரில் 'விடுதலைப் பத்திரம்' எழுதிக்கொண்டு இருவரும் மறுமணம் செய்துகொள்வது ஓமலூர், ஆத்தூர் பக்கமெல்லாம் இன்னும் நடக்கிறது. அந்தச் சமூகத்தில் வழிவழியாக வழக்கத்தில் இருந்ததாக நிரூபித்தால் ஒழிய அது விவாகரத்து ஆகாது. முதல் கல்யாணம் உயிரோடு இருக்க, இரண்டாவது தாலி கட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் 10 ஆண்டு வரை. தமிழ்நாட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சப்தபதி (அக்னி முன் ஏழடி வைப்பது) நடக்கவில்லை, கோயிலில் மாலை மட்டும்தான் மாற்றினோம் என்று இங்கே தப்பிக்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்கான 7A பிரிவின்படி உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். 2001-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

ஜீவனாம்சத்தில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வெள்ளிக் கொலுசுப் பட்டறை, தறிப்பட்டறை, சேகோ ஆலை வியாபாரம் எல்லாம் ரொக்கத்தில் ஓடும். "எனக்கு மாசம் எட்டாயிரம்தாங்க" என்று கணவர் பிரமாண வாக்குமூலம் போடுவார். உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இருவரும் சொத்து, கடன் விவரங்களைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த எட்டாயிரம் கணக்கை உடைக்க ஈபி கணக்குதான் நல்ல ஆயுதம். விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பதால் பில் தொகை சின்னதாகவே வரும். தொகையைப் பார்க்காமல் ஓடிய யூனிட்டைப் பாருங்கள், இணைப்பு யார் பெயரில் என்று பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு, சீட்டு நோட்டு, இன்சூரன்ஸ் பிரீமியம், வண்டி ஆர்சி ஆகியவற்றின் நகலை வீட்டை விட்டு வெளியேறும் முன்பே எடுத்து வைக்க வேண்டும். பிறகு கைக்கு வராது. மனைவி மீதே கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டு என்றால், அவர் தொடர்ந்து அப்படி வாழ்கிறார் என்று நிரூபித்தால் மட்டுமே பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 144(4)-இன் கீழ் ஜீவனாம்சம் கிடைக்காமல் போகும்.

கோபத்தில் "பிள்ளை எனதில்லை, டிஎன்ஏ எடுங்கள்" என்று கேட்கும் கணவர்களுக்கு: செல்லத்தக்க திருமணத்தின்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையது என்றே சட்டம் முடிவாகக் கொள்ளும். இருவரும் சேர வாய்ப்பே இல்லாதிருந்தது என்று காட்ட வேண்டும். பெரியவர்கள் சண்டையில் குழந்தையின் பிறப்பைச் சாட்சியாக இழுக்க உச்ச நீதிமன்றம் எளிதில் அனுமதிப்பதில்லை, அது நியாயம்தான்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்று ஒரு பெண் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், சட்ட உதவி எண் 15100-க்கும் அழைக்கலாம். அடி விழுந்திருந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181. போகும்போது கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்று, நகைப் பட்டியல், அழிக்காத போன் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.