எந்தக் கம்ப்யூட்டரில்?

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே மிஸ், ஐசி நம்பரைத் தட்டிப் பாருங்க!”

ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்ற இதை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறேன். வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துச் சமாளித்துவிடுவேன். போன மாதம் வந்த ஓர் ஆண்ட்டிக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. எழுதியாவது தீர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆண்ட்டிக்கு எழுபதை ஒட்டிய வயது. நெற்றியில் பிளாஸ்திரி. இரண்டு கால்களும் வீங்கி, செருப்பு வார் அழுத்திய தடம் பள்ளமாக அப்படியே நின்றது. வீக்கத்துக்கு ஏதாவது தைலம் வேண்டும் என்றார். நெற்றியில் என்ன என்று கேட்டேன். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தபோது தலை சுற்றி விழுந்துவிட்டாராம். “வயசாயிடுச்சுல்ல” என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குத்தான், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே மகன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். என் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது எங்கள் கடைச் சரக்கு, அதன் விலை, அப்புறம் ஆண்ட்டி இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வாங்கிய கால்சியம் மாத்திரை. அவ்வளவுதான்.

வீடு பக்கத்தில்தான் என்றார்கள். இருக்கிற மருந்து எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். மகன் முணுமுணுத்துக்கொண்டே போய், மூடி துருப்பிடித்த ஒரு முறுக்கு டின்னோடு திரும்பினார். கவுண்டரில் கொட்டிப் பரப்பினோம்.

அரசாங்க கிளினிக் மருந்து ஒரு கட்டு: ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) மெட்ஃபோர்மின், கொழுப்புக்கு ஒன்று. தனியார் கிளினிக் ஒன்றில் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் பை. அதன் மேல் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக, கீழே பொடி எழுத்தில் அம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொரு தனியார் கிளினிக்கின் பையில் கால் வீக்கத்துக்காக நீர் பிரிய வைக்கும் மாத்திரை.

“காலையில கவர்மெண்ட் மாத்திரை, ராத்திரிக்குப் பிரைவேட் மாத்திரை. அது வேற மாதிரி இருக்கே, வேற மருந்துதானம்மா?” என்றார் ஆண்ட்டி.

ஒரே மருந்து. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாத மருந்தை அவர் 15 மில்லிகிராம் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் கால் வீங்கியது. அந்த வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். அதன் பலன் நெற்றியில் ஒட்டியிருந்தது. மூன்று டாக்டர்களும் அவரவருக்குத் தெரிந்த வரையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை கொதிப்பைப் பார்த்தேன். நின்றதும் மளமளவென்று இறங்கியது. தைலம் விற்கவில்லை. எல்லா மருந்தையும் மகனின் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லி, அன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பி வைத்தேன். அங்கே தனியார் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் கால் வடிந்துவிட்டது.

இனி அந்தக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ‘கம்ப்யூட்டர்’ என்று ஒருமையில் சொல்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. அரசாங்க கிளினிக்கில் இருப்பது ஒன்று. பெரிய மருத்துவமனையில் இருப்பது இன்னொன்று. தெருமுனைத் தனியார் கிளினிக்கில் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், பக்கத்துக் கிளினிக்கில் வேறொரு கம்பெனியின் மென்பொருள். சிலவற்றில் இன்னும் அட்டைதான். தனியார் மருத்துவமனைக்குத் தனி, எங்கள் கடைக்குத் தனி. நம் நாட்டில் தனியார் கிளினிக் டாக்டரே மருந்தையும் கையோடு கொடுத்துவிடுவதால், அது எந்த மருந்தாளர் கண்ணிலும் படாமல் நேராக உங்கள் டின்னுக்குள் போய்விடுகிறது.

“பேங்க் கணக்கு கோலாலம்பூர்லயும் தெரியுது, பினாங்குலயும் தெரியுதே” என்பார்கள். தெரியும், ஒரே வங்கிக்குள். மேபேங்க் செயலியைத் திறந்துவிட்டு சிஐஎம்பியில் இருக்கும் உங்கள் மிச்சப் பணத்தைத் தேடுவீர்களா?

இந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டதில் மைசெஜாத்ராவுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2020இல் கோவிட் காலத்தில் வந்த செயலி அது. அடுத்த வருஷம் தடுப்பூசிச் சான்றிதழ் அதிலேயே தெரிந்தது. அன்றைக்கே நம் ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள், உடம்பு சம்பந்தப்பட்ட எல்லாமே அதற்குள் இருக்கிறது என்று. நல்ல செயலிதான். அரசாங்க கிளினிக்கில் முன்பதிவு செய்யலாம், வீட்டிலிருக்கும் பெரியவர்களைச் சார்ந்தோராகச் சேர்க்கலாம். ஆனால் தெருமுனை டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் பை தானாகப் பறந்து போய் அதற்குள் உட்காராது.

ஒரு மனிதருக்குப் பிறப்பு முதல் ஒரே பதிவேடு என்ற கனவு நம் நாட்டில் புதிதல்ல. 1997இல் தொலைமருத்துவச் சட்டம் வந்தது; அதே வருஷத் திட்ட அறிக்கையிலேயே வாழ்நாள் சுகாதாரப் பதிவேடு பேசப்பட்டது. 1999இல் செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாகவே திறக்கப்பட்டது. 2023இல் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் மருத்துவப் பதிவேட்டைப் பேசுகிறது. அரசாங்கப் பக்கம் படிப்படியாக வந்துகொண்டும் இருக்கிறது. எல்லாம் ஒன்று சேரும் நாளில் முதல் ஆளாகக் கை தட்டுவேன். அதுவரை ஆண்ட்டியின் மருந்துகள் ஒன்று கூடிய ஒரே இடம் அந்த முறுக்கு டின்தான்.

அதனால்தான் சொல்கிறேன், படம் எடுங்கள். கையில் இருக்கும் கைப்பேசி போதும், எந்தச் செயலியும் இறக்க வேண்டாம். ஒவ்வொரு மருந்தையும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாக, பெயரும் மில்லிகிராமும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். பத்துப் பட்டைகளைக் குவித்து வைத்து ஒரே படமாக எடுத்தால் எனக்குத் தெரிவது வெள்ளிக் காகிதம் மட்டும்தான். மாத்திரைப் பட்டையைப் பெயர் இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சொட்டு மருந்து, இன்சுலின், இன்ஹேலர், நாட்டு மருந்து, ஜாமு என்னும் மூலிகை மருந்து, நேரடி விற்பனை அக்காவிடம் வாங்கிய பவுடர், எல்லாமே மருந்துதான், படத்தில் வரட்டும். டாக்டர் மருந்தை மாற்றிய அன்றே பழைய படத்தை அழித்துவிடுங்கள். அழிக்காத பழைய படம் படமே இல்லாததைவிட மோசம்.

அந்தப் படங்கள் நோயாளியின் கைப்பேசியிலும் இருக்க வேண்டும், மகனுடையதில் மட்டும் இருந்தால் போதாது. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அங்கிள், விடியற்காலையில் ஃபெரி பிடித்துத் தீவுக்கு வந்து, கண் மருத்துவருக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். சந்திப்பை அடுத்த வாரத்துக்கு மாற்றி, முந்தின நாளே செய்தி போயிருந்தது. போனது கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் இருக்கும் மகளின் கைப்பேசிக்கு. மகள் மீட்டிங்கில். நோயாளியிடம் பட்டன் கைப்பேசிதான் இருக்கிறது என்றால், ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். தாள் கேவலமான தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, சார்ஜ் தீராது.

அலாரம் வையுங்கள், தப்பில்லை. ஆனால் அலாரத்தை அணைத்ததற்கும் மாத்திரையை விழுங்கியதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விழுங்கிய பிறகு அணையுங்கள்.

வீட்டில் கொதிப்புப் பார்க்கும் கருவியின் படத்தை ராத்திரி 11 மணிக்கு அனுப்பி “இது ஓகேவா?” என்று கேட்பவர்களுக்கு: ஓகேவா என்று எனக்கும் தெரியாது. மகனோடு சண்டை போட்ட கையோடு எடுத்த ஓர் அளவை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, ஏழு நாள். அந்தப் பட்டியலை டாக்டரிடம் கொடுத்தால் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். நெஞ்சு வலியோ வாய் கோணலோ இருந்தால் யாருக்கும் படம் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள், 999 அழையுங்கள்.

அப்புறம், ஐசி எண்ணோடு உள்ள மருந்துச் சீட்டைக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு “எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று எழுதாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகக் கொடுக்கல் வாங்கலுக்கானது. சித்தப்பா அதை வேறு குழுவுக்கு அனுப்புவதைத் தடுக்க அது வராது.

டின்னில் இன்னொரு விஷயமும் இருந்தது. மாற்றப்பட்ட மருந்துகள், காலாவதியானவை, அளவு குறைத்த பிறகும் தங்கிவிட்டவை என்று ஒதுக்கி எண்ணினேன். 31 பட்டை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்) என்பதால் மருந்தும் 1 வெள்ளிப் பொருள் என்று தோன்றிவிடுகிறது. மீதி நம் எல்லாருடைய வரிப் பணம். கருத்தரங்குகளுக்குப் போனால் திரையில் ஐநாவின் 17 இலக்குகளை வண்ணச் சதுரங்களாகக் காட்டி நீடித்த மேம்பாடு பற்றிப் பேசுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். இங்கே கவுண்டரில் அது 31 பட்டை. ஒவ்வொன்றையும் செய்ய ஆலை ஓடியிருக்கிறது, சுமக்க லாரி ஓடியிருக்கிறது, கடைசியில் எரிக்கவும் எரிபொருள் வேண்டும்.

சில அரசு மருத்துவமனைகளில் இப்போது மாதாந்தர மருந்தைத் தபாலில் பெறலாம், காரில் இருந்தபடியே வாங்கலாம். பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம், நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் பொட்டலம் வந்துகொண்டே இருக்கும், டின்னும் நிறைந்துகொண்டே இருக்கும். “இன்னும் 20 மாத்திரை இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், குறைத்துக் கொடுப்பார்கள். திட்டமாட்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் மிச்சப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்டுப் பழகியவர்கள்.

ஆஸ்துமா உள்ள வீடுகளில் பாதி தீர்ந்த நீல நிற இன்ஹேலர்கள் நாலைந்து கிடக்கும். அமுக்கும் வகை இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. அதற்காகப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மூச்சு முதலில். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வேண்டாத மருந்தைக் கழிப்பறையிலோ கிச்சன் சிங்கிலோ கொட்டாதீர்கள். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் திருப்பிக் கொடுக்கலாம். அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற வதந்தியை யார் கிளப்பினார்களோ தெரியவில்லை. உங்கள் சமையலறை வெக்கையில் இரண்டு வருஷம் இருந்த மாத்திரையை எந்த மருந்தாளரும் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். அது முறைப்படி அழிக்க வேண்டிய கழிவு.

போன வாரம் ஆண்ட்டி மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியாக. பேத்தி சொல்லிக் கொடுத்தாளாம், தானே படம் பிடித்திருந்தார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கட்டை விரல் தெரிந்தது, ஒன்றில் பூனை வால். ஆனால் எழுத்து பளிச்சென்று இருந்தது. மூன்று மருந்து, சரியான அளவு. டின்னையும் கொண்டு வந்தீர்களா என்றேன். பைக்குள்ளிருந்து எடுத்துத் திறந்தார். உள்ளே நான்கு பட்டைகள்.

“அது பக்கத்து வீட்டு அக்கா முட்டி வலிக்குக் குடுத்ததும்மா. அது மருந்து இல்லையே, வலி மாத்திரைதானே.”