‘எக்ஸ்டெண்டட் ஸ்கூல் இயர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்காவில் இருக்கும் மதினி போனில் சொன்னாள்: “தம்பிக்கு இந்த வருஷம் இ.எஸ்.ஒய். கிடைச்சிட்டு.” ஏதோ சம்மர் கேம்ப் போல என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு.

‘எக்ஸ்டெண்டட் ஸ்கூல் இயர்’ என்பதன் சுருக்கம்தான் இ.எஸ்.ஒய். வழக்கமான பள்ளி நாட்களைத் தாண்டி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லாமல் தரப்படும் கல்வியும் பயிற்சியும் இதில் அடங்கும். எல்லாருக்கும் கிடைக்காது, பெற்றோரும் இருக்கிற ஒரு குழு, பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துத் தீர்மானிக்கிறது. இதற்கு வழிவிட்டது பென்சில்வேனியாவில் நடந்த ஒரு வழக்கு. ‘வருஷத்துக்கு 180 நாள்தான் பள்ளி’ என்ற அங்கத்திய விதி, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான அந்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: லீவில் பிள்ளை எவ்வளவு மறக்கிறது, மறந்ததைத் திரும்பப் பிடிக்க எத்தனை நாள் ஆகிறது? நம் ஊரில் ‘கைப்பழக்கம் விட்டுப்போச்சு’ என்கிறோமே, அதேதான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், சட்டைப் பொத்தானை ஓட்டைக்குள் பாதி நுழைத்து, மறுகையால் இழுத்து மாட்ட மார்ச்சில்தான் பழகினான். லீவுக்கு அம்பாசமுத்திரம் போனான். “பிள்ள திணறுதுல்லா, நானே போட்டு விடுதேன்” என்று ஆச்சி இரண்டு மாதமும் மாட்டிவிட்டாள். ஜூனில் முதல் பொத்தானிலிருந்து மறுபடி ஆரம்பம்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நீட்டித்த பள்ளியாண்டு’ என்றால் பிள்ளைகள் அலறும். ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஸ்கூல்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ஓய்வு என்று பொருள். நம் ‘பள்ளி’க்கும் படுக்கை, துயிலிடம் என்ற பொருள் இருக்கிறது, நெல்லையப்பர் கோயில் பள்ளியறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘கோடை வகுப்பு’ என்பதும் சரிவராது. பழந்தமிழில் கோடை என்றால் மேல்காற்று. இன்றைக்கு வெயில் காலம். அமெரிக்க லீவு பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வருகிறது, குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நேரம்! அதோடு, இ.எஸ்.ஒய். விதியில் ‘கோடை’ என்ற கட்டுப்பாடே கிடையாது. வேறு லீவுக்கும் பொருந்தும். ‘வகுப்பு’ என்றாலோ டியூஷன் ஞாபகம்தான் வருகிறது. புதுப்பாடம் ஓட்டுவது இதன் நோக்கமே இல்லை.

என் தேர்வு ‘விடுமுறைத் தொடர்பயிற்சி’. தொடர்ந்த, தொடர்கிற, தொடரும் என மூன்று காலமும் ஒளிந்திருக்கும் வினைத்தொகை ‘தொடர்பயிற்சி’. ‘விடுமுறை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘த்’ வரும். அப்புறம், ‘தொடர்ப்பயிற்சி’ என்று எழுதிவிடாதீர்கள். வினைத்தொகையில் ஒற்று மிகாது.