குடுவைக்குள் 500 சீட்டுகள்

ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே 500 சீட்டுகள். அதில் 250 சீட்டில் ‘சபாஷ்’ என்கிற மாதிரி ஒரு பாராட்டு மட்டும் இருக்கும், பரிசு கிடையாது. 209 சீட்டுக்கு ஒரு டாலர் பொருள், 40 சீட்டுக்கு 20 டாலர் பொருள். 100 டாலர் பரிசு ஒரே ஒரு சீட்டுக்குத்தான். போதைப் பழக்கத்துக்கு இது ஒரு சிகிச்சை என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி உருவாக்கிய முறை இது.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சிறுநீர்ப் பரிசோதனை. போதைப்பொருள் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே, அப்போதே சீட்டு எடுக்கலாம். தொடர்ந்து அப்படியே வந்தால் எடுக்கும் சீட்டுகள் கூடிக்கொண்டே போகும். ஒரு தடவை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. கோகெய்ன் தரும் இன்பம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அதை விடுவதால் வரும் நன்மையோ மாதக்கணக்கில் தள்ளி நிற்கிறது. நடுவில் கைக்கு எட்டுகிற ஒரு சின்னப் பலனை வைப்பதில்தான் சூட்சுமம். கோகெய்னுக்கென்று அமெரிக்க அரசு ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை என்பதால், இதன் மதிப்பு இன்னும் அதிகம்.

இதே கொள்கையை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்திலேயே, பொருளாக மாற்றிக்கொள்ளும் வவுச்சர் கொடுத்து நிரூபித்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் பலித்தது ஊர்களில் இருக்கும் சாதாரண சிகிச்சை மையங்களிலும் பலிக்குமா என்று பார்க்கவே அமெரிக்காவில் 1999-இல் ஓர் ஆய்வு வலையமைப்பு தொடங்கியது. பெட்ரியின் குடுவை அங்கேயும் தேறியது.

அப்புறம் ஏன் எல்லா மையத்திலும் இது இல்லை? “விட வேண்டியதை விடுவதற்குக் காசா?” என்ற முணுமுணுப்பு ஒரு பக்கம். நோயாளிக்குப் பரிசு கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கூட்டாட்சி அரசின் மானியத்திலிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 75 டாலருக்கு மேல் தரக் கூடாது என்ற வரம்பும் பல காலம் இருந்தது. ஆய்வுகளில் கொடுத்ததோ நூற்றுக்கணக்கில். சில மையங்கள் தொகையைக் குறைத்து, பரிசோதனையையும் வெளி லேபுக்கு அனுப்பி, முடிவு வர நாலு நாள் காத்திருந்தால்? குடுவை இருக்கும், சிகிச்சை இருக்காது.

போதைப் பழக்கம் வராமல் தடுக்கும் திட்டங்களில் கதை தலைகீழ். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘டேர்’ (D.A.R.E.) என்ற திட்டத்தில் போலீஸ்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவிய பிறகுதான், அதனால் போதைப் பயன்பாடு பெரிதாகக் குறையவில்லை என்று ஆய்வுகள் வரிசையாகச் சொல்லின.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011-இல் குடுவை முறையைக் கையில் எடுத்தபோது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு விடவில்லை. பிறகும் போனில் கூப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று கேட்டார்கள். பரிசு? கேன்டீன் கூப்பன்.