வெள்ளோட்டம்: 'லோஞ்ச்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்றுக்கு நான் செய்து கொடுத்த இணையத்தளத்தை 'லோஞ்ச்' பண்ணினோம். குத்துவிளக்கு, ரிப்பன், மேசையில் ஒரு லப்டொப், பிறகு வடையும் தேத்தண்ணியும். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள், தேன் எல்லாம் படத்தோடு ஏற்றியிருந்தோம். மூன்று கிழமை கழித்துச் சங்கத் தலைவி அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, ரொறன்ரோவில இருக்கிற என்ர தங்கச்சி கூகிள்ள சங்கத்தின்ர பேரை அடிச்சுப் பாத்தவளாம். ஒண்டும் வரேல்லையாம். நாங்கள் லோஞ்ச் பண்ணினதோ, இல்லையோ?"

"இருங்கோ அக்கா, பாக்கிறன்."

பார்த்தால், தளத்தைக் கட்டப் பயன்படுத்திய மென்பொருளான வேர்ட்பிரஸின் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதிக்குள் ஒரு சின்னப் பெட்டி. தேடுபொறிகளே, இந்தத் தளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கானது அது. தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் அதில் போட்ட சரி அடையாளம் அப்படியே கிடந்தது. பிழை முழுக்க என்னுடையது. ஆனாலும் அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. பண்ணினது என்ன, பண்ணாதது என்ன? இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோமோ என்று சொல்லைத் தேடப் போனேன்.

லோஞ்ச் என்ற ஆங்கில வினைக்குள் ஒரு ஈட்டி இருக்கிறது. லத்தீனில் 'லான்செயா' என்றால் ஈட்டி. அதிலிருந்து பழைய பிரெஞ்சின் வடக்கு வழக்கில் பிறந்த வினை ஆங்கிலத்துக்குள் வந்தபோது, அதன் பொருள் எறிதல், வீசுதல். பிறகு புதுக் கப்பலைக் கரையிலிருந்து நீருக்குள் இறக்குவதற்கு ஆனது. அங்கிருந்து ரொக்கெட், புதுச் சவர்க்காரம், கடைசியில் இணையத்தளம். குறிகட்டுவானில் நயினாதீவுக்கு ஏறுகிறோமே, அந்த லோஞ்ச் வேறு சொல். அது போர்த்துக்கேயரின் 'லாஞ்சா' வழியாக வந்தது; அதற்கும் மூலம் 'விரைவு' என்ற பொருளுடைய மலாய்ச் சொல் என்று அகராதிக்காரர் கருதுகிறார்கள். ஒலி ஒன்று, குடும்பம் இரண்டு.

எறிந்த ஈட்டியைத் திருப்பி எடுக்க முடியாது. லோஞ்ச் என்ற சொல்லின் மனநிலை அதுதான்: ஒரு நாள், ஒரு வீச்சு, கைதட்டல். தேடுபொறிக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. அது தன் பாட்டில் வரும், போகும், திரும்ப வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வெளியீடு' என்றால் இங்கே புத்தக வெளியீடுதான் மனதில் வரும்: முதற்பிரதி, சிறப்புப்பிரதி, பொன்னாடை. 'திறப்பு விழா' நல்ல சொல்தான். ஆனால் வன்னியில் 'திறப்பு' என்று மட்டும் சொன்னால் பூட்டுக்கான சாவி. 'அங்குரார்ப்பணம்' என்பதுதான் எங்கள் அழைப்பிதழ்களின் செல்லப்பிள்ளை. சங்கமோ திட்டமோ, எதைத் தொடங்கினாலும் அதுதான். அங்குரம் என்றால் முளை. கோயில் திருவிழாவின் தொடக்கத்தில் பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் விதைத்து முளைக்க விடும் கிரியை அது. முளைப்பாலிகை என்றும் சொல்வார்கள். காலபோகத்துக்கு விதைநெல்லை ஊறப்போட்டுச் சாக்கில் கட்டி வைத்து, முளை எட்டிப்பார்த்ததும் வயலுக்குக் கொண்டுபோகிற ஆட்களுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. ஈட்டியைவிட முளை எவ்வளவோ மேல். ஆனாலும் அது தொடக்கத்தைத்தான் சொல்கிறது, தொடக்கத்துக்கு முந்திய பரிசோதனையைச் சொல்லவில்லை.

அதற்கென்றே ஒரு சொல் எங்களிடம் உயிரோடு இருக்கிறது: வெள்ளோட்டம்.

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முதல் வெள்ளோட்டம் விடுவார்கள். வழக்கமாக உற்சவ மூர்த்தி ஏறுவதில்லை. அச்சு இறுகுகிறதா, வடம் தாங்குமா, மூலையில் திரும்புமா, மேலே மின்கம்பி முட்டுமா என்று ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பது. வெண்மை என்ற சொல்லை வள்ளுவர் அறிவின் வெறுமைக்கு ஆண்டிருக்கிறார், 844ஆம் குறளில். அந்த வெறுமைதான் வெள்ளோட்டத்திலும் இருக்கிறது என்பது என் வாசிப்பு: சாமி இல்லாத வெற்றுத் தேரின் ஓட்டம். கப்பலுக்கும் இந்தச் சொல்லைச் சொல்வதுண்டு. இணையத்தளத்துக்குச் சொல்வதில் என்ன தடை? தளம் செய்கிறவர்கள் 'ஸ்டேஜிங்' என்று சொல்லும் பரிசோதனை நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை.

தேரின் சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறார்களே, நான் எடுக்க மறந்த அந்தச் சரி அடையாளம் அதுதான். நோஇன்டெக்ஸ் என்பது அதன் தொழில்நுட்பப் பெயர். வெள்ளோட்டத்தில் அது வேண்டும். அரைகுறைத் தளம் கூகிளில் ஏறினால் 'இங்கே எழுத்து வரும்' என்ற மாதிரி வாசகங்களோடு ஏறும். தேர் புறப்படும்போது கட்டையைத் தட்டி எடுக்க ஒரு ஆள் நிற்பார். எங்கள் விழாவில் அந்த ஆள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்டெக்ஸ் என்பதற்கு நூலகத்தார் 'அடைவு' என்கிறார்கள், சொல்லடைவு, பொருளடைவு. அருமையான சொல். ஆனால் எங்கள் ஊரில் அடைவு வைப்பது, அதாவது அடகு வைப்பது, நகையை. "அக்கா, தளத்தைக் கூகிளில் அடைவு வைத்தாயிற்று" என்றால் அவர் நெஞ்சில் கை வைப்பார். நான் 'பதிவு' என்றே சொல்கிறேன்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ரோபோட்ஸ் கோப்பு வேறு, நோஇன்டெக்ஸ் வேறு. ரோபோட்ஸ் கோப்பு என்பது எந்தப் பக்கங்களுக்குள் வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் சின்னக் கோப்பு; 1994இல் தொடங்கிய வழக்கம், 2022இல்தான் முறையான தரநிலை ஆனது. அது படலையில் 'உள்ளே வராதே' என்று எழுதி வைப்பது. நோஇன்டெக்ஸ் என்பது 'வந்து பார், ஆனால் என் பெயரைப் பதியாதே' என்று விறாந்தையில் ஒட்டிய கடதாசி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? படலையோடு திரும்பிப் போகிறவன் விறாந்தைக் கடதாசியை எப்படி வாசிப்பான்? வேறு யாராவது அந்த வீட்டுக்கு வழி சொன்னால் முகவரியை மட்டும் பதிந்துவிடுவான். வெள்ளோட்டத் தளத்தை மறைக்க உறுதியான வழி கடவுச்சொல்தான்.

மற்றவை சுருக்கமாக. தளவரைபடக் கோப்பு, சைட்மேப் என்பது, தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குக் கொடுக்கும் பட்டியல்; ஒன்றில் 50,000 முகவரி வரை கொள்ளும். அக்காவின் தளத்தில் 23 பக்கம், ஆகவே கவலையில்லை. வேர்ட்பிரஸ் 2020இலிருந்து அதைத் தானே செய்துவிடுகிறது. தங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று தளக்காரர் பார்க்கும் கருவியான கூகிளின் சேர்ச் கொன்சோலில் தளம் உங்களுடையது என்று உறுதிப்படுத்தி அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும். கூகிள் இப்போது போனில் தெரியும் வடிவத்தைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. லப்டொப்பில் வடிவாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஒட்டுசுட்டான் பக்கம் போய், சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் நின்று உங்கள் முகப்பைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வர வேண்டும் என்பது கூகிளின் அளவுகோல். கமராவில் எடுத்தபடி 4 எம்பி-யில் ஏற்றிய ஒடியல் படம் அங்கே வராது.

எனக்கு அதிக நேரம் போனது சொற்களில். நாங்கள் 'ஒடியல் மா' என்கிறோம். சிலர் சேர்த்து 'ஒடியல்மா' என்று அடிக்கிறார்கள். ரொறன்ரோப் பிள்ளைகள் அதையே ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், ஒரு ஏ போட்டும் இரண்டு ஏ போட்டும். தமிழ்நாட்டு வாசகருக்குப் பனங்கிழங்கு தெரியும். அதைக் காயவைத்தால் ஒடியல் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல் என்று இன்னொரு வரி. வன்னி என்ற பெயரையே ஆங்கிலத்தில் வி போட்டும் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள். இவற்றையெல்லாம் அடியில் பட்டியலாகக் கொட்டினால் அசிங்கமாக இருக்கும், கூகிளும் மதிக்காது. ஆகவே ஒடியல் பக்கத்தில் கூழ் காய்ச்சும் விதத்தை எழுதச் சொன்னேன். அக்கா எழுதியதில் அத்தனை வடிவமும் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

முகவரி விடயத்தில் ஒரு தடுமாற்றம். '.இலங்கை' என்ற தமிழ் ஆள்களப் பெயர் 2010இலிருந்து இருக்கிறது, ஆசைதான். ஆனால் தமிழ் எழுத்தில் வைத்த பக்க முகவரியைப் பிரதி எடுத்து அனுப்பினால் பல இடங்களில் அது சதவீதக் குறிகளும் (%) எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக உடைந்துவிடும். தமிழின் ஒவ்வொரு குறியும் அங்கே 9 எழுத்தாகிறது. 'ஒடியல்' என்பதில் ஒ, ட, இகரக் குறி, ய, ல, புள்ளி என்று 6 குறி. ஆக 54 எழுத்து. வாட்ஸ்அப்பில் அதைப் பார்க்கிற சித்தி வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார். முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் வைத்தேன்.

பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்து, சேர்ச் கொன்சோலில் முகப்பை மறுபடி பார்த்துப் பதியும்படி கேட்டுக்கொண்ட பிறகு, தினமும் காலையில் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு தள முகவரி என்று அடித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் முகப்பு மட்டும் வந்தது. அடுத்த கிழமை கூழ்ப் பக்கம் வந்தது. தங்கச்சி எங்களுக்கு முந்திவிட்டார். அக்காவுக்குப் படம் பிடித்து அனுப்பியது அவர்தான்.

இப்போது பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு தளம் செய்கிறேன். அழைப்பிதழில் 'அங்குரார்ப்பண நிகழ்வு' என்றே போட வேண்டும் என்றார்கள். போட்டாயிற்று. என் கொப்பியில் அதற்கு இரண்டு கிழமை முந்திய திகதியில் 'வெள்ளோட்டம்' என்றும், நிகழ்வு நாளுக்கு நேரே 'கட்டையை எடு, பிறகு வடை' என்றும் எழுதியிருக்கிறேன்.